நாய்களின் தோற்கட்டியும் கத்தியில்லா மருத்துவமும்

பொருநைக் கரை வயல்களிலும், வடக்கே கரிசல் நிலத்து ஆட்டுக் கிடைகளிலும் நாய் உழவரின் உற்ற காவலனாக விளங்குகிறது. அதன் உடலில் காலிப்பூப் போன்ற சிவந்த கட்டி தோன்றி இரத்தம் கசியுமாயின், “இது இனிப் பிழையாது” என்று துரத்திவிடுவோர் உளர். அது வேண்டாத அச்சமாகும்.

நாய்களுக்கு வரும் புற்றுநோய்களுள் ஒன்று தொற்றும் தன்மையுடையது. நோயுற்ற நாயின் புற்று உயிரணுக்களே இணைசேரும்போதும், நக்கும்போதும், முகரும்போதும் மற்றொரு நாயின்மேல் ஒட்டி வளர்கின்றன. பெரும்பாலும் பிறப்புறுப்பிலும், சிலவற்றில் மூக்கு, வாய், தோல் ஆகிய இடங்களிலும் கட்டி காணும். இது மனிதரைத் தொற்றாது.

இதற்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. வின்கிறிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை நரம்பு வழியே செலுத்தினால், பெரும்பாலான நாய்கள் 4 முதல் 8 வாரங்களில் குணமடைகின்றன. இம்மருந்து எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் பயிராகும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்தே! 1963இல் மனிதரின் இரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஏற்கப்பட்ட மருந்தும் இதுவே.

ஆயினும் இலைச்சாற்றை நாய்க்குப் புகட்டலாகாது. இலையில் மருந்து மிக நுண்ணிய அளவிலேயே உள்ளது. பிற நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. ஊசிமருந்தும் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். இரத்த வெள்ளணுக்களும் குறையக்கூடும். ஆகவே கால்நடை மருத்துவரே இதனைச் செலுத்துதல் வேண்டும். கட்டி சுருங்கியது கண்டு இடையில் நிறுத்தினால் நோய் மீளும். சிகிச்சைக் காலத்தில் நாயின் சிறுநீரையும் மலத்தையும் கையுறையின்றித் தொடலாகாது.

எல்லாக் கட்டியும் இவ்வகையன்று. இராசபாளையம் நாய் போன்ற வெண்ணிற நாய்களுக்கு, மயிர் குறைந்த வயிற்றுத் தோலில் கடும் வெயிலால் புற்று வரக்கூடும். தொடக்க நிலையிலுள்ள சிறு கட்டிகளை உறையவைத்து அழிக்கும் முறை உண்டு. முற்றியவற்றுக்கு அறுவையே தக்கது. நண்பகலில் நிழல் தருவது நல்ல தடுப்பாகும். எவ்வகைக் கட்டி என்பதை, அதன் அணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே துணிய வேண்டும். சூடு வைத்தல் தீங்கு பயக்கும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகுக.

ஊராட்சி உறுப்பினர்க்கும் இதில் கடமை உண்டு. தெருநாய்கள் கட்டுப்பாடின்றி இணைசேருமிடத்தில் இந்நோய் பரவும். 2023ஆம் ஆண்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகும். அப்பணியை ஊர்தோறும் மேற்கொண்டால், காவல் நாய்களும் காக்கப்படும்; ஊரும் நலம் பெறும்.