கூறியது கூறல்

மலைச்சாரலில் நின்று ஒருவன் குரல் எழுப்பினால், அக்குரலே சிறிது நேரத்திற்குப் பின் மீண்டு வந்து அவன் செவியில் விழும். மலை அதனைத் திருப்பித் தந்ததேயன்றித் தானாக ஒன்றும் கூறவில்லை. மக்களுள்ளும் சிலர் பிறர் கூறிய தொடரையே பலகால் கூறுவர். என்றோ கேட்ட பாட்டின் ஓரடியையே நாள் முழுதும் பாடுவர். அவர்தம் மொழியும் மலையின் எதிரொலி போன்றதே என்று உலகம் நெடுங்காலம் கருதி வந்தது. மேனாட்டார் அதற்கு இட்ட பெயர் எக்கோலேலியா என்பது. எக்கோ என்பாள் கிரேக்கக் கதைகளில் வரும் ஓர் அணங்கு. பிறர் சொல்லின் இறுதியை மட்டுமே திருப்பிக் கூறுமாறு சபிக்கப்பட்டவள். தமிழில் இதனை எதிரொலிப் பேச்சு எனலாம்.

ஆட்டிசம் என்னும் நிலை உடையார் பலரிடம் இப்பேச்சுக் காணப்படும். ஆட்டிசம் ஒட்டுநோயும் அன்று, பித்தும் அன்று. மூளை வளரும் முறையில் அமைந்த ஒரு வேறுபாடு. அந்நிலை உடையார்க்குப் பிறரோடு உரையாடுதல் எளிதில் கைவருவதில்லை. சிலர்க்குச் சிறு ஓசையும் தாங்கவொண்ணாத் துன்பமாகும்.

அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர் இருந்தார். இந்நிலை உடைய 11 சிறாரைப் பற்றி அவர் 1943-ஆம் ஆண்டு விரிவாக எழுதினார். அவர்களுள் ஒருவன் ஐந்து வயதுச் சிறுவன். அடுக்களையில் கைப்பிடி வைத்த பாத்திரம் ஒன்றைக் கண்டால் போதும், ஒரு குழந்தைப் பாட்டின் துண்டை அவன் பாடத் தொடங்கிவிடுவான். பாத்திரத்திற்கும் பாட்டிற்கும் யாது தொடர்பு? அவன் தாயின் வாயிலாக அது விளங்கிற்று. அவன் இரண்டு வயதினனாய் இருந்தபோது, ஒருநாள் அவள் அப்பாட்டைப் பாடிக்கொண்டே வேலை செய்கையில், அத்தகைய பாத்திரம் கைதவறிக் கீழே விழுந்தது. அன்று முதல் பாட்டும் பாத்திரமும் அவன் உள்ளத்தில் ஒன்றாயின.

அச்சிறுவனுக்கு மற்றொரு வழக்கமும் உண்டு. கையிலுள்ள பொருளை வீசி எறிய ஆசை எழும்போதெல்லாம், மாடியிலிருந்து நாயை எறியாதே என்று தனக்குத்தானே கூறிக்கொள்வான். அங்கே நாயும் இராது, மாடியும் இராது. கேட்டோர் திகைத்தனர். மூன்றாண்டுகட்கு முன் ஒரு விடுதியின் மேல்மாடத்திலிருந்து அவன் தன் பொம்மை நாயைப் பன்முறை கீழே எறிந்தான். எடுத்து எடுத்துச் சலித்த தாய் சினந்து கூறிய சொற்களே அவை. தன்னைத் தானே தடுத்துக்கொள்ள அச்சிறுவன் அவற்றைக் கையாண்டான். இத்தகைய சொற்கள் பொருளற்றவை அல்ல, அப்பொருள் பிறந்த இடத்தைக் கேட்போர் அறியாததே இடர்ப்பாடு என்பதைக் கானர் 1946-இல் எடுத்துக் காட்டினார்.

பால் வேண்டும் என்னும் குழந்தை, "உனக்குப் பால் வேண்டுமா?" என்று கேட்பதும் இவ்வகையதே. இலக்கணம் கற்றோர் இதனைத் தன்மை முன்னிலை மயக்கம் என்பர். ஆனால், அக்குழந்தை பால் பெறும் வேளையில் நாள்தோறும் கேட்டது அத்தொடரைத்தானே? சொற்களைத் தனித்தனியே பிரித்துக் கொள்ளாது, முழுத்தொடரையும் ஒரே சொல்லாக அது உள்ளத்தில் கொண்டுவிட்டது.

நன்னூலார் கூறியது கூறலைப் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். அவரே, ஒருசொல் இரண்டும் மூன்றும் நான்கும் முறை அடுக்கி வரலாம் என்றும் விதித்தார். "பாம்பு, பாம்பு" என்று அலறுவோனைக் கூறியது கூறினான் என்று குறைகூறுவார் யார்? அச்சமும் உவகையும் அவலமும் ஒருமுறை சொல்வதில் அடங்கா.

1981-இல் பிரைசன்ட், டூக்கன் என்னும் இரு அறிஞர்கள் நான்கு குழந்தைகளின் எதிரொலிப் பேச்சை ஆராய்ந்தனர். பேசிய சொற்களோடு, பேசும்போது குழந்தையின் கண் எங்கே நோக்கியது, உடல் எவ்வாறு அசைந்தது என்பனவற்றையும் குறித்தனர். அப்பேச்சு ஏழுவகைப் பயன்பாடு உடையது எனக் கண்டனர். உரையாடலில் தன் முறை வந்ததை உணர்த்தல், ஆம் என உடன்படுதல், ஒன்றை வேண்டுதல், தன் செயலைத் தானே நெறிப்படுத்தல் ஆகியவை அவற்றுட் சில. பாட்டை மீண்டும் மீண்டும் பாடுவோருள் பலர், இரைச்சல் மிகுந்த இடத்தில் மனத்தை அமைதிப்படுத்தவே பாடுகின்றனர். அடுத்து வருவது இன்னதென முன்னரே தெரிந்த பொருள் பாட்டன்றி வேறு யாது? சிலரோ மகிழ்ச்சியினால் மட்டுமே பாடுவர். அதற்குக் காரணம் தேடவேண்டா.

1960-களிலும் 1970-களிலும் இப்பேச்சை அடக்குவதே மருத்துவம் எனக் கருதியோர் பலர். இருக்கும் ஒரே மொழியை வாய்மூடச் செய்தால் குழந்தை எதனாற் பேசும் என்பதை அவர் எண்ணிலர்.

ரான் சஸ்கைண்டு என்பவர் அமெரிக்கப் பத்திரிகையாளர். அவருடைய இளைய மகன் ஓவன், மூன்று வயதளவில் பேச்சை இழந்தான். பின்னர் ஒரு நாள், 'ஜூசர்வோஸ்' என்று முணுமுணுக்கத் தொடங்கினான். பழச்சாறு கேட்கின்றான் எனத் தாய் நினைத்துக் கொடுத்தாள். அவன் அதை வேண்டவில்லை. கடற்கன்னி கதையைக் கூறும் திரைப்படத்தின் ஒரு பகுதியையே அவன் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அதில் வரும் சூனியக்காரி, கன்னியிடம் விலையாகக் கேட்பது அவள் குரலை. அக்கூற்றே குழந்தையின் வாயில் உருமாறியிருந்தது என்பதைத் தாய் கண்டுகொண்டாள். குரலிழந்த குழந்தை குரலிழக்கும் கன்னியின் கதையைப் பற்றி நின்றது. அது வெறும் எதிரொலியே என்றார் மருத்துவர். பெற்றோர் மனம் அதனை ஒப்பவில்லை.

ஓவனுக்கு ஆறு வயது கடந்தபின், தந்தை ஒரு மாலையில் அவன் அறைக்குள் ஓசையின்றிச் சென்றார். மற்றொரு படத்தில் வரும் கிளியின் உருவம் கொண்ட கைப்பாவை அங்கே கிடந்தது. அதனைக் கையில் மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் தாம் மறைந்து, அக்கிளியின் கரகரத்த குரலிலேயே மகனை நலம் வினவினார். கிளிப்பிள்ளை என்று பிறர் ஒதுக்கிய சிறுவன் அக்கிளியை நோக்கித் திரும்பினான். தான் மகிழ்வாக இல்லை என்றும், தனக்கு நண்பர் ஒருவரும் இல்லை என்றும், பிறர் பேசுவது தனக்கு விளங்கவில்லை என்றும் தெளிவாக விடை கூறினான். தந்தை போர்வைக்குள்ளிருந்து வெளிவராமல், கிளியின் குரலிலேயே மேலும் பேசிக்கொண்டிருந்தார்.