பனிச்சிறுத்தை இறங்கும் காலம்

லடாக்கில் 1981ஆம் ஆண்டு அமைந்த ஹெமிஸ் தேசியப் பூங்காவிற்கு எப்பருவத்தில் செல்வது? மலைவழி நடக்க விரும்புவோர்க்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். 5,000 மீட்டரையும் விஞ்சிய கொங்மரு லா கணவாயில் அப்போதுதான் பனி விலகியிருக்கும். ஆயினும் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் இரண்டு மூன்று நாள் தங்கி இளைப்பாறாமல் புறப்படுவது உயிருக்கே ஆபத்து.

பனிச்சிறுத்தையைக் காண விழைவோரோ கடுங்குளிரில்தான் செல்ல வேண்டும். 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி நம் நாட்டிலுள்ள 718 சிறுத்தைகளில் 477 லடாக்கில் வாழ்கின்றன. பரல் எனும் காட்டு ஆடுகள் கோடையில் உச்சியில் மேயும். பனி மூடியதும் அவை மேய்ச்சல் தேடிக் கீழிறங்க, சிறுத்தையும் பின்தொடரும். அப்போதும் அது கண்ணில் படுவது உறுதியன்று.

கீழே மக்களின் ஆட்டுப்பட்டிகள் இருக்கின்றனவே! உள்ளே புகுந்துவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஒரு குடும்பத்தின் பிழைப்பே விடிவதற்குள் அழிந்துபோகும். ஆத்திரத்தில் சிறுத்தையைக் கொன்றோரை நாம் எளிதில் பழித்துவிட இயலுமா? இன்று பட்டிகள் பலவற்றின் மேல் கம்பிவலை போர்த்தியுள்ளனர். ரும்பக் சிற்றூரார் தம் வீடுகளிலேயே பயணிகளைத் தங்கவைத்துப் பொருள் ஈட்டுகின்றனர். குளிர்காலத்தில் வருவோரிற் பலர் அந்தச் சிறுத்தைக்காகவே வருகிறவர்கள்.