கிராமத்திற்குச் செல்லும் வண்டியின் தளம்



மருத்துவமனைத் தேவைகளின் பட்டியலில் மருந்து, படுக்கை இவற்றோடு "வண்டிக்குப் பின்தளம்" என்றும் ஒரு வரி இருந்தால், "இதற்கும் காணிக்கையா?" என்று கேட்கத் தோன்றும். கேட்பது நியாயமே. ஆகவே அதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

எங்கள் பகுதியில் மருத்துவ ஊழியமும் மோட்டார் வண்டியும் நெடுநாள் தோழர்கள். டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் கிடைத்த பியூஜோ காரில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு, குடியாத்தம் சாலையில் ஆங்காங்கே நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய சுகாதாரத் துறை, கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்கு மருத்துவரையும் செவிலியரையும் வண்டியில் அனுப்பும் முறையை ஏற்படுத்தியது.

பல கார்களில் பின்பக்கத் தளம் என்பது மெல்லிய தகடும், அதன்மேல் ஓர் அழுத்த அட்டையும், விரிப்பும்தான். இரண்டு பயணப் பெட்டிகளுக்கு அது போதும். மருந்துப் பெட்டிகள், தடுப்பூசிக் குளிர்பெட்டி, ஆக்சிஜன் சிலிண்டர் ஆகியவற்றை நாள்தோறும் மண்சாலையில் சுமக்க அது போதாது. பனிக்கட்டி உருகிய நீரில் அட்டை உப்பிப்போகும். இரத்தம் சிந்திய இடத்தை பிளீச்சிங் கரைசலால் கழுவும்போது தகடு துருப்பிடிக்கும். உப்பிட்ட தோல் ஏற்றும் லாரியின் தளம் என்ன பாடுபடும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புதிய தளம் அமைக்கும்போது, பலகை எவ்வளவு தடிமன் என்பதைவிட, அது எதன்மேல் அமர்ந்து எதனோடு பிணைந்திருக்கிறது என்பதே முக்கியம்.

முதலில் பழைய அட்டையை எடுத்துவிட்டு, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூச வேண்டும். ஓட்டை விழுந்த தகட்டை மூடி மறைக்காமல் மாற்ற வேண்டும். பிறகு இரும்புச் சதுரக் குழாயில் ஒரு சட்டம். வெல்டிங் வேலையை வண்டிக்கு வெளியே, பட்டறைத் தரையில் வைத்தே முடிப்பது நல்லது. எரிபொருள் டேங்க் அருகில் தீப்பொறி ஆகாது. சட்டத்தை சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். துளையிடுமுன் கீழே டேங்க், பிரேக் குழாய், மின்கம்பி எங்கே செல்கின்றன என்று குனிந்து பார்ப்பது கட்டாயம்.

சட்டத்தின்மேல் பிளைவுட். சாதாரணப் பலகை வேண்டாம், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் ஈரத்தைத் தாங்கும். அட்டையில் மாதிரி வெட்டி, சக்கர வளைவுகளுக்குப் பொருத்திப் பார்த்த பின்பே பலகையை அறுக்க வேண்டும். ஈரம் முதலில் நுழைவது வெட்டிய ஓரங்களிலும் துளைகளிலும்தான். அவற்றிற்கு இரண்டு மூன்று முறை பெயிண்ட் அவசியம். ஸ்டெப்னி தளத்தின் அடியில் இருந்தால், அதை எடுக்க ஒரு மூடி விட வேண்டும். மேலே ஒட்டில்லாத வினைல் விரிப்பை ஒட்டி, ஓரங்களைப் பக்கச் சுவரில் சில அங்குலம் ஏற்றிவிட்டால், கழுவும் நீர் அடியில் இறங்காது.

சாமான்களைக் கட்டும் வளையங்களைப் பலகையில் மட்டும் திருகக் கூடாது. மோதல் நேர்ந்தால் கட்டாத சிலிண்டர் முன்னால் இருப்பவர்மேல் பாயும். ஆம்புலன்சில் உள்ள பொருள்கள் தம் எடையைப் போல் பத்து மடங்கு விசையிலும் பெயராதிருக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரவிதி கூறுகிறது. ஆகவே வளையத்தின் போல்ட் பலகையைத் துளைத்து, அகன்ற வாஷருடன் இரும்புச் சட்டத்தையே பற்றியிருக்க வேண்டும்.

பலம் வேண்டுமென்று மிகக் கனமாகச் செய்வதும் தவறு. 8 அடிக்கு 4 அடியான 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. தளம் கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றக்கூடிய மருந்தில் குறைகிறது. சட்டம் சரியாக இருந்தால் 12 மில்லிமீட்டரே பல வண்டிகளுக்குப் போதும். வேலை முடிந்து சில நாள் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

அந்தத் தளத்தின்மேல்தான் சில வேளைகளில் பிரசவ வேதனையில் உள்ள ஒரு தாயையும் படுக்க வைத்துக் கொண்டுவர நேரிடுகிறது. பட்டியலின் சிறிய வரிகளையும் நினைவுகூர்ந்து தாங்குகிற உங்களுக்கு எங்கள் நன்றி. இரவிலும் மழையிலும் வண்டி ஓட்டும் ஓட்டுநர்களை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.