வெள்ளை நாயின் கண்ணீர்த் தடம்

வெள்ளை நாய் வளர்ப்பது வெள்ளை வேட்டி உடுப்பது போன்றது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கடுகளவு கறையும் காண்போர் கண்ணுக்குத் தப்பாது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் வெள்ளை நாய்கள் பல உண்டு. அவற்றுள் ஸ்பிட்ஸ் இனத்தைப் பொமரேனியன் என்று அழைப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. இந்திய ஸ்பிட்ஸ் என்பது உண்மையில் தனி இனம். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ என்னும் இந்திப் படத்தில் டஃபி என்ற பெயரில் வந்து வட நாட்டுக் குழந்தைகளின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது இந்த ஸ்பிட்ஸே. இதனையடுத்து லாசா ஆப்ஸோ, ஷிட்சூ, மால்டீஸ், பூடில் ஆகியவற்றையும் நகரங்களில் காண்கிறோம்.

இந்நாய்களின் முகத்தில், கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்கின் இரு புறமும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்குவதைப் பலர் பார்த்திருப்பர். துருப்பிடித்த குழாயிலிருந்து நீர் வடிந்த சுவர் போல அது தோன்றும். விருந்தினர் வந்தால், “குளிப்பாட்டுவதில்லையா?” என்று கேட்பர். வீட்டார் வெட்கமுற்று அன்றே கடைக்குச் சென்று ஏதேனும் கறைநீக்கி வாங்கி வருவர். தவறு அங்கேதான் தொடங்குகிறது. அக்கறை அழுக்கன்று, கண்ணீர் தன் வழியை விட்டு வெளியே வழிகிறது என்பதற்கான அறிவிப்பு. அறிவிப்பை அழித்துவிட்டால் காரணம் நீங்கிவிடாது.

கண்ணீர் என்றதும் நமக்கு அழுகைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கண் எந்நேரமும் நனைந்தே இருக்க வேண்டும். மேல் இமையின் வெளிப்புறத்திற்கு அருகே ஒரு சுரப்பியும், நாய்க்கு உரிய மூன்றாம் இமையின் அடியில் மற்றொரு சுரப்பியும் ஓயாது நீரைச் சுரக்கின்றன. இமையோரத்துச் சிறு சுரப்பிகள் அந்நீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பரப்பி, அது விரைவில் உலர்ந்துபோகாமல் காக்கின்றன. இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் கண்ணாடி துடைப்பதுபோல் கண் துடைக்கப்படுகிறது. பிறகு அந்நீர் எங்கே செல்கிறது? உள்மூலையில், மேல் இமையில் ஒன்றும் கீழ் இமையில் ஒன்றுமாக ஊசிமுனையளவு துளைகள் இரண்டு உள்ளன. அவற்றின் வழியே நுழைந்து, எலும்பினூடே செல்லும் ஒரு நாளத்தில் இறங்கி, மூக்கினுள் வடிகிறது. நாம் அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். வரவும் செலவும் சரியாக இருக்கும் வரையில் கன்னத்தில் ஒரு துளியும் விழாது.

வரவு மிகுந்தாலும், செலவு வழி அடைபட்டாலும் நீர் கன்னத்தில் வழியும். அதில் போர்பிரின் என்னும் நிறப்பொருள் உண்டு. இது குருதியின் சிவப்புக்குக் காரணமான பொருளோடு உறவுடையது. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகி, பெரும்பகுதி பித்தத்தோடு கலந்து மலத்தின் வழியே வெளியேறுகிறது. ஒரு சிறு பகுதி கண்ணீரிலும் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் கலக்கிறது. மயிரில் படிந்து காற்றும் வெளிச்சமும் பட்டபின் அதுவே செம்பழுப்பாகத் தெரிகிறது. கறுப்பு நாய்க்கும் இதே கண்ணீர்தான், இதே நிறப்பொருள்தான். கரும்பலகையில் கரியால் எழுதினால் தெரியாதது போல அங்கே தெரிவதில்லை, அவ்வளவே. வெள்ளை நாய் ஓயாது தன் பாதத்தை நக்கினால் அங்கும் இதே நிறம் ஏறும். அது உமிழ்நீரின் கறை. பாதத்தில் அரிப்பு இருக்கிறது என்பதன் அடையாளம்.

நனைந்தே கிடக்கும் மயிருக்கு இன்னொரு தொல்லை உண்டு. அங்கே நுண்கிருமிகளும் ஈஸ்ட் என்னும் நுண்காளானும் குடியேறும். தோல் சிவந்து, பிசுபிசுத்து, புளித்த வாடை வீசினால் அது வெறுங் கறையன்று என்று அறிய வேண்டும்.

நீர் வழிவதன் காரணங்கள் பல. சில நாய்களுக்குத் துளையே பிறவியில் திறந்திருப்பதில்லை. சிலவற்றின் நாளம் சளியாலோ வீக்கத்தாலோ அடைபட்டிருக்கும். லாசா, ஷிட்சூ போன்ற குறுமுக நாய்களுக்குக் கண்குழி ஆழமற்றது, விழி வெளியே துருத்தியிருக்கும், நாளமும் வளைந்து நெளிந்து செல்லும். உள்மூலையில் முளைத்த மயிர் திரிபோல் நின்று கண்ணீரை வெளியே இழுத்துவிடும். இவற்றுக்கு ஓரளவு கறை இயல்பு. நான்கு முதல் ஏழு மாதம் வரையில் பல் முளைக்கும் பருவத்துக் குட்டிகளுக்கும் நீர் சற்று மிகுவதுண்டு. பெரும்பாலும் தானே குறையும். ஆனால் இமை உட்புறம் மடிந்து மயிர் விழியை உராய்ந்தாலும், இமையோரத்தில் தவறான இடத்தில் மயிர் முளைத்திருந்தாலும், தூசி விழுந்தாலும், விழியில் புண் உண்டானாலும், கண்ணின் உள்ளழுத்தம் ஏறினாலும் அதே நீர்தான் வழியும், அதே கறைதான் படியும். டில்லியில் மே, ஜூன் மாதங்களில் அடிக்கும் புழுதிக் காற்றும், ஹோலிப் பண்டிகையின் வண்ணப் பொடியும், மார்கழிப் புகைமூட்டமும் இவற்றோடு சேரும்.

இதனை நாம் புத்தகத்தில் படித்து மட்டும் அறியவில்லை. நம் இல்லத்தில் முல்லை என்றொரு ஸ்பிட்ஸ் உண்டு. அதன் வலக் கண்ணின் கீழ் மட்டும் கறை கண்டது. இடப்பக்கம் பால்போல் வெண்மையாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. ஊரிலிருந்து வந்த உறவினர் நந்தியாவட்டைப் பூவை ஒற்றச் சொன்னார். குடியிருப்பில் பூவுக்கு எங்கே போவது என்று அது கைவிடப்பட்டது. நல்ல வேளை, பால் வடியும் செடிகளின் சாறு விழிக்கு ஆகாது. பின்பு ஒரு மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் இந்தியில், “பானீ வருகிறதா, கீச்சட் வருகிறதா?” என்று வினவினார். அரசாங்க இந்திப் பரீட்சைகளில் தேறியவர் நாம், மொழிபெயர்ப்பே பிழைப்பு. கீச்சட் என்றால் சேறு. “ஆம் ஐயா, நேற்று மழையில் விளையாடிற்று, சேறு பட்டிருக்கும்” என்றோம். அவர் சிரித்து, கண்ணைக் கழுவச் சொல்லி அனுப்பிவிட்டார். கண்ணில் கட்டும் பீளைக்கும் இந்தியில் கீச்சட் என்றே பெயர் என்பது பல வாரங்கள் கழித்துத்தான் தெரிய வந்தது. பரீட்சைப் பாடத்தில் நாயின் கண் வரவில்லை.

கண் சிவந்தது. வீட்டில் பாட்டிக்குக் கண்புரை அறுவை நடந்தபின் மிஞ்சிய சொட்டு மருந்து ஒரு புட்டி இருந்தது. மனிதக் கண்ணுக்கு ஆவது நாய்க் கண்ணுக்கும் ஆகும் என்று விட்டோம். இரண்டு நாள் சிவப்புக் குறைந்தது, மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் முல்லை கண்ணைத் திறக்கவே மறுத்தது. விழியின்மேல் நீலம் பாரித்தது. வேறொரு மருத்துவர் பார்த்துவிட்டுப் புட்டியைக் கேட்டார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. தவறான இடத்தில் முளைத்த ஒரு மயிர் விழியைக் கீறிப் புண்ணாக்கியிருக்கிறது; ஸ்டீராய்டு வீக்கத்தைத் தணித்துவிட்டு, புண் ஆறுவதைத் தடுத்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் விழி துளைபட்டிருக்கலாம் என்றார். கண் தப்பியது, ஆனால் நடுவே வெண்தழும்பு தங்கிவிட்டது. வலப்பக்கமிருந்து பந்தை உருட்டினால் முல்லைக்குத் தெரிவதில்லை.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனைகள் மிக எளியவை. கண்ணில் ஒரு துளி ஃப்ளோரசீன் என்னும் சாயம் விடுவர். விழியில் புண் இருந்தால் அவ்விடம் பச்சையாக ஒளிரும். சில நிமிடங்களில் மூக்குத் துளையில் அச்சாயம் எட்டிப் பார்த்தால் வடிகால் திறந்திருக்கிறது என்று பொருள். குறுமுக நாய்களில் அது தொண்டைப் பக்கம் இறங்கிவிடுவதும் உண்டாகையால், வராதது கொண்டே அடைப்பு என்று முடிவு செய்ய மாட்டார்கள். அடைப்பிருந்தால் மயக்கம் கொடுத்து நாளத்தை நீர் செலுத்திக் கழுவுவர். மற்றொரு சோதனையில் மெல்லிய தாள் துண்டை இமைக்குள் ஒரு நிமிடம் செருகி எவ்வளவு நனைகிறது என்று அளப்பர். 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருப்பது நலம். 10-க்குக் கீழே வந்தால் கண்ணீர் வறட்சியென ஐயுறுவர். வறட்சியிலா கறை என்று வியக்க வேண்டாம். நீர் வற்றிய கண்ணில் கெட்டியான பீளை கட்டி முகமெல்லாம் பூசும். அதற்கு வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். விட்டுவிட்டால் பார்வை போகும். நீரா பீளையா என்ற கேள்வி ஏன் முதலில் கேட்கப்படுகிறது என்பது இப்போது விளங்கும்.

கடையில் விற்கும் கறைநீக்கிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உணவில் தூவிக் கொடுக்கும் பொடிகள் சிலவற்றில் டைலோசின் என்னும் நுண்ணுயிர்க் கொல்லி கலக்கப்பட்டிருந்தது. அதனைக் கறைக்கென நாய்களுக்குக் கொடுக்க ஒப்புதல் இல்லாமையால், 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு மருந்து நிர்வாகம் அத்தகைய பொருள்களைச் செய்வோருக்கு எச்சரிக்கை விடுத்தது. கறை குறைவது மெய்யே. ஆனால் அழகுக்காக மாதக்கணக்கில் அம்மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும்; பின்னொரு நாள் உண்மையான நோய்க்கு அம்மருந்து பயன்படாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுப்போரும் உண்டு. தலைமயிரை வெளுக்கும் பொருள் விழியில் ஒரு துளி பட்டால் என்னாகும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. குடிநீரில் புளிக்காடி கலப்பது, கோழிக்கறியை நிறுத்துவது ஆகியவற்றைப் பற்றிப் பலரும் உறுதியாகப் பேசுகிறார்கள். சான்று அவ்வளவு உறுதியாக இல்லை.

காரணம் ஆராய்ந்து, நோய் ஒன்றும் இல்லை என்று தெளிந்த பின்பு, செய்யத் தக்கது தூய்மை ஒன்றே. கொதித்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, உள்மூலையிலிருந்து விழிக்கு அப்பால் போகும்படி காலையும் மாலையும் துடைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. துடைத்த இடத்தை உலர்ந்த துணியால் ஒற்றி ஈரம் போக்குவது துடைப்பதைவிட முக்கியம்; பலர் இதனைச் செய்வதில்லை. கண்ணோரத்து மயிரைப் பழகியவர் கையால் குறைக்கச் செய்வது நன்று. துள்ளும் நாயின் கண்ணருகே நாம் கத்தரிக்கோல் பிடிப்பது வேண்டாம். கறையேறிய மயிர் மீண்டும் வெளுப்பதில்லை. அது வளர்ந்து வெட்டுப்பட்டுப் புது மயிர் வர வேண்டும். ஆகவே காரணம் நீங்கிய பின்னும் சில மாதம் பொறுத்திருக்க வேண்டியதே.

நாய் ஒரு கண்ணைச் சுருக்கினாலும், முன்காலால் கண்ணைத் தேய்த்தாலும், விழி மங்கினாலும் நீலம் பாரித்தாலும், மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை கட்டினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெகுநாளாக இரு கண்ணிலும் ஒரே அளவாக உள்ள கறைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் புதிதாகத் தோன்றுவதைத்தான் அஞ்ச வேண்டும்.

நம் இராஜபாளையம் நாயும் வெண்ணிறந்தானே, அதற்கும் இத்தொல்லை உண்டா என்று சிலர் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தலைகளில் இடம் பெற்ற பெருமைக்குரிய இனம் அது. நீண்ட முகமும் குட்டை மயிரும் உடையதாகையால் முகக்கறை அதற்கு அரிது. வெண்ணிறத்தோடு சேர்ந்து அவ்வினத்தில் காணப்படும் குறை வேறு: குட்டிகள் சில செவிடாகப் பிறக்கின்றன. வாங்குவோர் குட்டியின் பின்னே நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது.

முல்லையின் இமையிலிருந்த அம்மயிரை வேரோடு நீக்கிவிட்டார்கள். கன்னம் மெல்ல வெளுத்து வருகிறது. வேற்று மாநிலத்தில் மருத்துவரிடம் செல்லும் நேயர்களுக்கு உதவுமென்று பீளை என்பதற்கு நாம் பின்னர்ச் சேகரித்த சொற்களைச் சொல்லிவிடுகிறோம்: இந்தியில் கீச்சட், வங்காளியில் பிச்சுட்டி, மராத்தியில் சிபட், தெலுங்கில் புசி. சொல் வாயில் வராவிட்டால், காலையில் துடைத்த பஞ்சைக் கழுவாமல் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்று காட்டலாம்.