கால் மரத்தாலே சுகர்தானா? நரம்பு வீக்கத்தை காட்டிக் கொடுக்கும் ஸ்கேன்!

திருத்துறைப்பூண்டி:

கால் மரத்துப் போகிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. சட்டை பட்டன் போடப் போனால் விரல் ஒத்துழைப்பதில்லை. இப்படி யார் சொன்னாலும் நம்ம ஊர் பக்கம் ரெடியாக ஒரு பதில் இருக்கிறது. "சுகர் இருக்குல்ல, அதான்."

பலருக்கு அது உண்மைதான். ஆனால் எல்லாருக்கும் இல்லை. சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே சொந்த நரம்பை எதிரி என்று நினைத்து தாக்கி விடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இந்த வகை நோயை சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்களுக்கு குணம் தெரியும். சுகர் கணக்கில் எழுதி, நரம்பு ஊசி போட்டு, எண்ணெய் தேய்த்துக் கொண்டே இருந்தால் ஒரு வருடம் கழித்து கைத்தடி, அப்புறம் வீல்சேர் என்று ஆகி விடும்.

அதை கண்டுபிடிக்க கை கொடுக்கும் கருவி ஒன்றும் புதுசு இல்லை. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஜெல் தடவி பார்க்கிறார்களே, அதே அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன்தான். இப்போது நரம்பையும் அதில் பார்க்கிறார்கள்.

கடைமடையும் தலைமடையும்

கடைமடை விவசாயிக்கு நரம்பை பற்றி புரிய வைப்பது சுலபம். நரம்பு ஒரு வாய்க்கால் மாதிரி. மூளையில் இருந்து கிளம்பும் உத்தரவு முதுகுத்தண்டு வழியாக கை, கால்களுக்கு ஓடுகிறது. இருப்பதிலேயே நீளமான வாய்க்கால் பாதத்துக்கு போவது.

சுகர் நோய் நரம்பை கெடுக்கும்போது முதலில் காய்வது கடைமடை. அதாவது கால் விரல், பாதம். அங்கே எரிச்சல், மதமதப்பு, பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு தொடங்கி வருடக்கணக்கில் மெல்ல மேலே ஏறும். பெரும்பாலும் உணர்ச்சிதான் முதலில் போகும். பலம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

எதிர்ப்பு சக்தி தாக்கும் நோய் இப்படி வரிசை பார்ப்பதில்லை. தலைமடையிலேயே கை வைக்கும். பாதத்தோடு சேர்ந்து தொடையும் தோள்பட்டையும் பலம் இழக்கும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பஸ் படி ஏற முடியாது. அலமாரி மேல் தட்டுக்கு கை தூக்க முடியாது. மாதக்கணக்கிலேயே நிலைமை மாறி விடும்.

இதில் முக்கியமானவை மூன்று.

முதலாவது கில்லன் பாரே சிண்ட்ரோம். சுருக்கமாக ஜி.பி.எஸ். சில நாட்களில் காலில் தொடங்கி மேலே ஏறும். அதிகபட்சம் 4 வாரத்துக்குள் உச்சத்துக்கு போய் விடும். சிலருக்கு மூச்சு விடும் தசையே நின்று போகும். முதல் உலகப் போர் நடந்த 1916-ல் இரண்டு பிரெஞ்சு சிப்பாய்களை பார்த்த டாக்டர்கள் இதை விவரமாக எழுதினார்கள். அவர்கள் பெயரே நோய்க்கு வந்து விட்டது.

இரண்டாவது சி.ஐ.டி.பி. இது மெதுவாக வரும் அண்ணன். 2 மாதத்துக்கு மேலாக கூடிக் கொண்டே போகும், அல்லது விட்டு விட்டு வரும்.

மூன்றாவது எம்.எம்.என். இது அபூர்வம். உணர்ச்சி நன்றாக இருக்கும், ஒரு கையில் மட்டும் பலம் குறைந்து கொண்டே போகும். மணிக்கட்டு தொங்கி விடும்.

புனேயில் நடந்தது என்ன?

இது யாருக்கோ வரும் நோய் என்று ஒதுக்க முடியாது. 2025 ஜனவரியில் மகாராஷ்டிர மாநிலம் புனேயில் ஜி.பி.எஸ். திடீரென பரவலாக கிளம்பியது. 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். உயிரிழப்பும் ஏற்பட்டது. சாதாரணமாக ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வரும் நோய் இது. சிங்காட் ரோடு பகுதியை ஒட்டியே அத்தனை பேர் படுத்ததால் நாடே திரும்பிப் பார்த்தது.

குடிநீரில் கலந்த அசுத்தம்தான் காரணமாக சந்தேகிக்கப்பட்டது. நோயாளிகள் சிலரின் மலத்தில் கேம்பைலோபாக்டர் என்ற கிருமி இருந்தது தெரிய வந்தது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி இது. சரியாக வேகாத கோழிக்கறி மூலமும் வரும். இந்த கிருமியின் மேல் தோலும் நம் நரம்பில் உள்ள ஒரு பொருளும் அச்சாக ஒன்று போல இருக்கும். கிருமியை அடிக்க கிளம்பிய எதிர்ப்பு சக்தி ஆள் மாறி நரம்பை அடித்து விடுகிறது. பேதி நின்று 1 முதல் 3 வாரம் கழித்து கால் தள்ளாடினால் சும்மா விடக் கூடாது என்பது இதனால்தான்.

கரண்ட் டெஸ்ட் போதாதா?

நரம்பு நோய்க்கு ஏற்கனவே ஒரு பரிசோதனை உண்டு. கை, காலில் சின்ன கரண்ட் வைத்து, அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். எடுத்துக் கொண்டவர்களுக்கு தெரியும், சுருக் சுருக்கென்று இழுக்கும். இன்றைக்கும் முதல் இடம் இதற்குத்தான்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்பதை இந்த டெஸ்ட் சொல்லும். வாய்க்கால் எந்த இடத்தில் எப்படி கெட்டிருக்கிறது என்பதை கண்ணால் காட்டாது. நரம்பு ரொம்பவே கெட்டுப் போனவர்களுக்கு கரண்ட் வைத்தால் எந்த பதிலுமே வராது. கழுத்து, தோள் பக்கம் ஆழத்தில் இருக்கும் நரம்பை இந்த டெஸ்டில் பிடிப்பதும் கஷ்டம். ஜி.பி.எஸ். தொடங்கிய முதல் சில நாட்களில் டெஸ்ட் நார்மல் என்று கூட வரலாம்.

அந்த இடத்தில்தான் ஸ்கேன் உதவுகிறது. கரை எங்கே வீங்கியிருக்கிறது என்று வாய்க்கால் ஓரமாகவே நடந்து பார்ப்பது போன்றது இது.

எப்படி பார்க்கிறார்கள்?

வயிறு ஸ்கேனுக்கு நொடிக்கு 30 லட்சம் முதல் 50 லட்சம் தடவை அதிரும் ஒலி அலை போதும். நரம்புக்கு 1½ கோடி தடவைக்கு மேல் அதிரும் அலை வேண்டும். அலை அதிகமானால் படம் துல்லியமாக வரும், ஆனால் ஆழம் போகாது. அதனால் தோலுக்கு அடியில் ஓடும் கை நரம்புகளையும் கழுத்து நரம்புகளையும் நன்றாக பார்க்கலாம். தொடையின் உள்ளே ஆழமாக ஓடும் நரம்பை பார்ப்பது கடினம்.

ஜெல் தடவி, மணிக்கட்டில் தொடங்கி முழங்கை, அக்குள், கழுத்து வரை கருவியை நகர்த்திக் கொண்டே போவார்கள். நரம்பை குறுக்கே வெட்டியது போல திரையில் தெரியும். நல்ல நரம்பு குட்டி தேன்கூடு மாதிரி இருக்கும். வீங்கிய நரம்பு ஊதிப் போய், கறுத்து, தேன்கூடு கலைந்து விடும். ஊசி இல்லை, ஷாக் இல்லை, எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை.

அளவு சதுர மில்லி மீட்டரில். சி.ஐ.டி.பி. நோய்க்காக 2021-ல் ஐரோப்பிய நரம்பியல் டாக்டர்கள் வெளியிட்ட வழிகாட்டி ஒரு கணக்கு சொல்கிறது. கையின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு முன்னங்கையில் 10 சதுர மி.மீ., மேல் கையில் 13 சதுர மி.மீ. தாண்டினால் வீக்கம். இப்படி மேல் பக்கமாகவும் கழுத்து பக்கமாகவும் குறைந்தது 2 இடத்தில் வீங்கியிருந்தால் நோய்க்கு ஆதரவான சான்று. 13 சதுர மி.மீ. என்பது ஒரு மிளகு பருமன்தான். அந்த சின்ன வித்தியாசத்தில் ஒருவர் மறுபடி வரப்பில் நடப்பதும் நடக்காததும் இருக்கிறது.

எங்கே வீக்கம்? அதுதான் துப்பு!

வீக்கம் இருக்கிறதா என்பதை விட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

* மணிக்கட்டில் மட்டும் வீக்கம் என்றால் அங்கே நரம்பு நசுங்குகிறது. ராத்திரியில் கை மரத்து எழுப்பி விடும் கேஸ் இது.

* மேல் கை, கழுத்து என்று அங்கங்கே வீங்கியிருந்தால் எதிர்ப்பு சக்தி நோய் மீது சந்தேகம்.

* எல்லா நரம்பும் ஒரே சீராக தடித்திருந்தால் பரம்பரையாக வரும் நரம்பு நோயாக இருக்கலாம்.

* முழங்கைக்கு சற்று மேலே தடித்திருந்தால் தொழுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

* முழங்காலுக்கு வெளிப்பக்கம் மட்டும் வீங்கி, பாதம் தொங்கினால் வேறு கதை. மணிக்கணக்கில் குத்துக்காலிட்டு களை எடுப்பவர்களுக்கு அந்த இடத்தில் நரம்பு நசுங்குவது உண்டு.

கடைசிக்கு முந்திய துப்பை கவனியுங்கள். முழங்கையில் இடித்துக் கொண்டால் சுண்டு விரல் வரை கரண்ட் அடித்தது போல ஓடுமே, அந்த நரம்புதான். தொழுநோய் டாக்டர்கள் காலங்காலமாக அதை விரலால் தடவியே தடிப்பை கண்டுபிடித்தார்கள். அதே வேலையை ஸ்கேனில் செய்து பார்த்து, 2009-ல் ஐதராபாத் குழுவினர் ஆய்வு வெளியிட்டனர். 20 தொழுநோயாளிகளையும், நோய் இல்லாத 30 பேரையும் ஒப்பிட்டதில் வீக்கம் துல்லியமாக தெரிந்தது. நரம்புக்குள் ரத்த ஓட்டம் கூடியிருப்பதும் சிலருக்கு தெரிந்தது. தொழுநோயிலும் கிருமியை விட எதிர்ப்பு சக்தி பொங்குவதால்தான் நரம்பு திடீரென கெடுகிறது. உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் மறைக்க வேண்டாம். கூட்டு மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

ஒரே மாத்திரை, மூன்று முடிவு

பெயர் எதுவாக இருந்தால் என்ன, மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஸ்டீராய்டு மாத்திரையையே எடுத்துக் கொள்ளுங்கள். சி.ஐ.டி.பி. நோய்க்கு அது கேட்கும். விலையும் குறைவு. ஜி.பி.எஸ். நோய்க்கு பிரயோஜனம் இல்லை. எம்.எம்.என். நோய்க்கு கொடுத்தால் பலவீனம் கூடி விடலாம். சுகர் உள்ளவருக்கு தேவை இல்லாமல் கொடுத்தால் சுகர் எகிறி விடும்.

ஐ.வி.ஐ.ஜி. என்ற ஊசி மருந்து மூன்றுக்கும் கேட்கும். ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த ரத்தத்தில் இருந்து பிரிக்கப்படுவதால் விலை அதிகம். கிலோ எடைக்கு 2 கிராம் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். தனியாரில் லட்சக்கணக்கில் போய் விடும். ஜி.பி.எஸ்., சி.ஐ.டி.பி. நோய்களுக்கு ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும் உண்டு. இவ்வளவு பணமும் மருந்தும் செலவாகும் முன்பு நோய் எது என்று உறுதியாக தெரிய வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. எம்.எம்.என். வந்தவரை, மருந்தால் குணப்படுத்த முடியாத மோட்டார் நியூரான் நோய் என்று தவறாக நினைக்க இடம் உண்டு. இரண்டிலும் கை மெலியும், பலம் போகும். மோட்டார் நியூரான் நோயில் நரம்பு பொதுவாக வீங்காது, மெலிந்து கூட இருக்கும். எம்.எம்.என். என்றால் அங்கங்கே வீக்கம் தெரியும். இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற பதிலுக்கும், மருந்து இருக்கிறது என்ற பதிலுக்கும் நடுவே இந்த ஸ்கேன் நிற்கிறது.

ஸ்கேன் மட்டும் போதுமா?

போதாது. நரம்பு வீங்காத சி.ஐ.டி.பி. நோயாளிகளும் உண்டு. ஆளின் உயரம், எடையை பொறுத்து நரம்பு பருமன் மாறும். பழகிய கை பார்த்தால்தான் நரம்பு எது, தசைநார் எது என்று பிரித்து சொல்ல முடியும். அதனால் டாக்டர் நேரில் பார்ப்பது, சுத்தியலால் முட்டியை தட்டிப் பார்ப்பது, கரண்ட் டெஸ்ட், ரத்தம், தேவைப்பட்டால் முதுகுத்தண்டு நீர் எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

ஸ்கேன் மிஷினை யாரும் இஷ்டத்துக்கு வாங்கி வைக்கவும் முடியாது. ஸ்கேன் சென்டர் சுவரில் ஆணா, பெண்ணா என்று கேட்பது குற்றம் என போர்டு இருக்குமே, அந்த 1994-ம் ஆண்டு சட்டப்படி மிஷினை பதிவு செய்ய வேண்டும். நரம்பு பார்க்கத்தான் என்றாலும் விதி விதிதான்.

என்ன செய்யலாம்?

* சுகர் இருந்தாலும் சரி, மாதக்கணக்கில் தொடை, தோள் பலம் குறைந்தால் டாக்டரிடம் அதை தனியாக சொல்லுங்கள். மரப்பு என்று மட்டும் சொல்லி விட்டு வராதீர்கள்.

* எப்போது தொடங்கியது, முதலில் எந்த வேலை செய்ய முடியாமல் போனது என்று ஒரு பேப்பரில் எழுதி எடுத்துப் போங்கள்.

* நீங்களாக போய் நரம்பு ஸ்கேன் எடுக்க வேண்டாம். திருத்துறைப்பூண்டி அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, நரம்பியல் டாக்டருக்கு எழுதி வாங்குங்கள். தஞ்சை மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது.

* முதல்-அமைச்சர் காப்பீட்டு திட்ட அட்டை, ரேஷன் கார்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் கையோடு இருக்கட்டும்.

* கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி போடாதீர்கள். டாக்டர் கொடுத்ததை திடீரென நிறுத்தவும் கூடாது.

* தண்ணீரை கொதிக்க வைத்து குடியுங்கள். கோழிக்கறி நன்றாக வேகட்டும்.

* சில நாட்களுக்குள் நடை போய், பேச்சு குழறி, விழுங்க கஷ்டப்பட்டால், மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள்.

வயலில் பயிர் மஞ்சளானால் உரம் பத்தலையா, பூச்சியா, தண்ணி நிற்குதா என்று நாலு தடவை யோசிக்கிறோம். எடுத்த எடுப்பில் ஒரே மருந்தை அடிப்பதில்லை. கால் மரத்தாலும் அதே யோசனை வேண்டும்!