பூட்டிய வீடுகளும் பொது மலையும்

2001-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து எண்ணியபோது 7,35,394 பேர்தான். தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் ஆள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். ஆனால் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் போய்வருகிறவர்கள் கண்ணில் படுவது காலியாகும் ஊர்கள் அல்ல. தேயிலைச் சரிவுகளில் ஆண்டுக்காண்டு முளைக்கும் வீடுகள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல், படுகர்களின் ஊர்களான ஹட்டிகளிலிருந்து இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் இறங்குகிறார்கள். அதே நகரங்களில் பணம் சேர்த்தவர்கள் தனிமை தேடி மேலே ஏறுகிறார்கள். இறங்கியவர் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவர். ஏறுகிறவர்களில் பலர் ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்குகிறவர்கள். மீதி நாட்களில் வாயிற்கதவு பூட்டிக் கிடக்கும். காவலாளி ஒருவர் மட்டும் இருப்பார்.

வசதியுள்ளவர்கள் ஓய்வுக்காக மலையேறுவது இங்கே புதிதல்ல. நவீன ஊட்டியே அப்படிப் பிறந்ததுதான். கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இங்கே வந்தார். சில ஆண்டுகளில் கல் பங்களா எழுந்தது, ஏரி உருவானது. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் மேய்ச்சல் நிலம் சொற்ப விலைக்குக் கைமாறியது. அந்த அநியாயத்தை மறைத்து வெள்ளைக்காரர் காலத்தைப் புகழ்வதற்கில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னை மாகாண அரசே கோடையில் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கியது. அந்தக் காலத்தில் சாலை வந்தது, 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் ரயில் வந்தது, 1907-இல் குன்னூரில் தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் வந்தது. தங்கள் வசதிக்காகத்தான் செய்தார்கள். இருந்தாலும் அவை பொதுவில் நின்றன, இன்றும் நிற்கின்றன. இப்போது வருகிற செல்வம் மதில் சுவருக்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. சாலையும் தண்ணீரும் மட்டும் வெளியிலிருந்து வேண்டியிருக்கிறது.

அந்த வீடுகள் விற்பது தனிமையை. அந்தத் தனிமை எதனால் ஆனது என்று பிரித்துப் பார்த்தால், வாங்கியவருக்குச் சொந்தமானது அதில் மிகக் குறைவு. ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சைச் சரிவு பக்கத்துச் சிறு விவசாயியின் தேயிலை. அவர் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு இன்னும் கவாத்து செய்து, உரமிட்டு, இலை பறிப்பதால்தான் அந்தக் காட்சி இருக்கிறது. அவரும் கையை விரித்து நிலத்தை விற்றுவிட்டால் அங்கே இன்னொரு வீடு எழும். முதல் வீட்டுக்காரர் எதற்காகப் பணம் கொடுத்தாரோ அது போய்விடும். தண்ணீரோ சோலைக்காடுகளும் அவற்றின் அடியிலுள்ள சதுப்பு நிலங்களும் மழைக்காலத்தில் குடித்துவைத்து மெல்லக் கசியவிடுவது. குன்னூர் நகரம் இன்றும் ரேலியா அணையைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. கோடை வந்தால் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று வீடுகள் காத்திருக்கின்றன. பங்களாவில் லாரித் தண்ணீர் இறக்கினால் பிரச்சினை தீர்ந்ததாக நினைப்பார்கள். லாரி நிரம்புவதும் இதே மலையின் ஏதோ ஓர் ஊற்றிலோ ஓடையிலோதான். அதன் கீழே ஒரு ஹட்டியோ எஸ்டேட் லைன் வீடோ அந்த நீரை எதிர்பார்த்து நிற்கிறது. புல்வெளிக்கும் நீச்சல் குளத்துக்கும் போகிற தண்ணீர் அவர்களுடைய குடத்திலிருந்து கழிகிறது.

நீரைவிட நிலம் பெரிய கேள்வி. மலைப்பகுதிக் கட்டட விதிகள் 1993-இல் வந்தன. உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. 1990-இல் ஏற்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமமும் இருக்கிறது. உயரத்தைக் கட்டுப்படுத்தியது நல்லதுதான். ஆனால் சரிவான நிலத்தில் அகலமான வீடு வேண்டுமானால் மலையை வெட்டித்தான் ஆக வேண்டும். பொக்லைன் இறங்குகிறது; மண் கீழே தள்ளப்படுகிறது; மழைநீர் காலங்காலமாக ஓடிவந்த தடம் அடைபடுகிறது. காருக்குப் பாதை, அதற்கு ஒரு தடுப்புச்சுவர் என்று வெட்டு நீள்கிறது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை இனி வராது என்று நம்ப இடமில்லை. மேலே வெட்டியவர் அன்று ஊரில் இருக்கமாட்டார். கீழே சுவர் ஒட்டித் தூங்குகிறவர் இருப்பார். இந்த ஏற்றத்தாழ்வுதான் என் வாதத்தின் மையம். வேலி விஷயமும் இப்படித்தான்: தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலியும் சோலார் வேலியும் எழுந்தால் காட்டெருமைகள் மறைந்துபோவதில்லை, வழி மாறி ஊர்த் தெருவுக்கு வருகின்றன. சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தை அடைத்த ரிசார்ட்டுகள் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இலும் உச்ச நீதிமன்றம் 2020-இலும் வழித்தடத்துக்கே ஆதரவாக நின்றன. யானைக்குக் கிடைத்த அந்தச் சட்டப் பாதுகாப்பு, ஊற்றுக்கும் ஓடைக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது ஒன்று உண்டு. சோவியத் சந்தை போனபின், 1990-களின் கடைசியில் சரிந்த தேயிலை விலையிலிருந்து சிறு விவசாயி இன்றுவரை மீளவில்லை. மகளின் கல்லூரிச் செலவுக்கும் அப்பாவின் அறுவை சிகிச்சைக்கும் நிலத்தை விற்கிறவரைத் தடுக்க யாருக்கு என்ன உரிமை? இதை நான் முழுமையாக ஏற்கிறேன். விற்காதே என்று அவரிடம் சொல்வது, நட்டத்திலும் காட்சியைக் காத்துக்கொண்டிரு என்று கட்டளையிடுவதாகும். ஆனால் இந்த வாதம் விற்பவரின் நெருக்கடியைச் சொல்கிறதே தவிர, வாங்குபவர் ஊருக்குச் செலுத்த வேண்டியதை ரத்து செய்யவில்லை. இலைக்கு நியாய விலை கேட்டு விவசாயிகள் நடத்தும் போராட்டம் வென்றால் விற்பனை தானாகவே குறையும். அடுத்து, வேலை கிடைக்கிறது என்கிறார்கள். காவல், தோட்டவேலை, சமையல், கட்டுமானம் எல்லாம் உண்மையான வேலைகள்தான். ஒரு ஏக்கர் தேயிலை ஆண்டு முழுக்கச் சுழற்சியாகத் தரும் பறிப்பும் தொழிற்சாலை வேலையும், பூட்டிய வீட்டுக்கு ஒரு காவலாளி என்பதும் சமமல்ல. சோலை மரங்களை நட்டு, பழைய பங்களாக்களைப் பொறுப்போடு காப்பவர்களும், ஓய்வுபெற்று இங்கேயே குடியேறி ஊராரோடு ஒருவராகிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வாழ வந்தவர் வேறு, வந்து போகிறவர் வேறு. சட்டமும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து மக்கள் 2012 மார்ச்சில் வாக்களித்து, எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். கட்டுமான வேலை போய்விடும் என்ற அச்சம் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் பலமாக எழுந்தது. அதையும் கேட்டுவிட்டுத்தான் வாக்களித்தார்கள். வேல்ஸ் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான வரிக்கு மேல் 300 சதவீதம் வரை கூடுதலாக விதிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். இமாச்சலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு, விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. நம் மாநிலத்திலும் பிடிமானம் இருக்கிறது. நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்தபோது தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு கிடைத்தது. பலருக்கு வேலை தரும் தொழில் என்பதுதான் அந்த விலக்குக்கு நியாயம். பெரிய எஸ்டேட் நிலம் மனைகளாகத் துண்டுபட்டால் நியாயம் போய்விட்டது. விலக்கும் போக வேண்டும்.

அரசு செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தனி வரி விதித்து, அந்தப் பணத்தை அந்தந்த ஊராட்சியின் ஊற்றுகளையும் வடிகால்களையும் காக்க மட்டுமே செலவிட வேண்டும். புதுக் கட்டடத்துக்கு அனுமதி தருமுன் தண்ணீர் எங்கிருந்து வரும், வெட்டிய மண் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கிராம சபையில் பதில் சொல்லச் செய்ய வேண்டும். நீலகிரியில் வீடு வாங்க நினைக்கும் வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்திரம் எழுதுமுன் சரிவின் கீழே இருக்கும் ஹட்டிக்குப் போய் அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் உங்களுக்கே சரியாகப் படவில்லை என்றால், அந்த வீட்டை வாங்காதீர்கள்.