பெயர் இரண்டு, பூஞ்சை ஒன்று

செட்டிநாட்டுக் குழம்புக்கு மணமூட்டும் கல்பாசியை நாம் அறிவோம். பாசி எனப் பெயர் பெற்றிருப்பினும், அது பூஞ்சையும் பாசியும் ஒன்றி வாழும் லைக்கன் ஆகும். இக்கூட்டுவாழ்வை 1867இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் சுவெண்டனர் எடுத்துரைத்தார். லைக்கனுக்கு வழங்கும் அறிவியற்பெயரோ அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. இம்மரபு தரும் சிக்கலுக்கு ஈரினங்களைச் சான்றாகக் காட்டுவோம்.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி ஊசியிலைக் காடுகளில் மரக்கிளைகளினின்று கூந்தல்போல் தொங்குவன பிரையோரியா ஃபிரிமாண்டி, பிரையோரியா டோர்டுவோசா என்பன. முன்னது பழுப்பு நிறத்தது. அந்நிலத்து முதற்குடியினர் மண்குழியில் வேகவைத்து உண்டது. பின்னது மஞ்சள் சாயலது. வல்பினிக் அமிலம் என்னும் நஞ்சு மிக்கது. எனினும், மரபணு ஆய்வில் இரண்டிலும் பூஞ்சை ஒன்றே, பாசியும் ஒன்றே எனத் தெரிந்தது.

2016இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர், இவற்றின் மேற்புறணியில் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த மற்றொரு பூஞ்சையைக் கண்டனர். நஞ்சுடையதில் அது மிகுந்திருந்தது. ஆயினும், அம்மிகுதியே நஞ்சுக்குக் காரணம் எனத் துணிதல் பொருந்தாது; உடனிருத்தல் வேறு, காரணமாதல் வேறு.

பூஞ்சையை நோக்கிப் பெயரிடின் இரண்டும் ஒன்று. உண்போரை நோக்கின் ஒன்று உணவு, மற்றொன்று நஞ்சு. ஆகவே, கலைச்சொல் ஆக்குவோரும் அதைக் கற்பிப்போரும், அச்சொல் முழுமையைச் சுட்டுகிறதா, ஓர் உறுப்பை மட்டும் சுட்டுகிறதா என முதற்கண் வினவுதல் வேண்டும். லைக்கனை வெறுமனே 'பாசி' என்போமாயின், கூட்டாளிகளுள் ஒன்றைச் சொல்லி ஏனையவற்றை மறைத்தவர் ஆவோம்.